எங்கள் புளோக்கைத் தத்தெடுக்க வருகிறார்கள், அக்கா!

தீபாவளி அன்பளிப்புப் பைகளைப் பற்றிப் போன இதழில் இரண்டு வரிதான் எழுதினேன். அதையொட்டித் தொண்டு, தானம் பற்றி வந்த கடிதங்களும் புலனச் (வாட்ஸ்அப்) செய்திகளும் இந்த இதழின் பக்கங்களை முழுக்கப் பிடித்துக்கொண்டன. மருமகள் சண்டைக்கும் வேலையிட வம்புக்கும் வழி கேட்டு எழுதியவர்கள் இந்த ஒரு தடவை பொறுத்துக்கொள்ளுங்கள்.

புதிய வாசகர்களுக்கு என்னைப் பற்றி ஒரு வார்த்தை. நான் கோலாலம்பூர் செந்தூல்காரி. அப்பா ரயில்வே பட்டறையில் வேலை செய்தார். நான் முப்பது வருடம் கணக்குப் பிரிவில் குமாஸ்தா. ஓய்வு பெற்ற பிறகு எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பாளர் சங்கத்தில் ஒன்பது வருடம் பொருளாளர். தொண்டு பற்றிப் படித்துப் பட்டம் வாங்கவில்லை. கொடுப்பவர்களுக்கும் வாங்குபவர்களுக்கும் நடுவில் ரசீதுப் புத்தகத்தோடு நின்றிருக்கிறேன், அவ்வளவுதான்.

கேள்வி: பிபிஆர் (அரசாங்கத்தின் மலிவு வாடகை) அடுக்குமாடி ஒன்றில் குடியிருப்பாளர் சங்கச் செயலாளராக இருக்கிறேன். ஒரு தொண்டு நிறுவனம் எங்கள் புளோக்கை மூன்று வருடத்துக்குத் ‘தத்தெடுக்க’ முன்வந்திருக்கிறது. தமிழ்ப் பிள்ளைகளுக்கு வாரம் இரண்டு நாள் டியூஷன், மாதம் ஒரு முறை சமையல் பொருள் என்கிறார்கள். பதிலுக்கு எல்லாக் குடும்பங்களின் பெயர், ஐசி (அடையாள அட்டை) எண், சம்பளம், நோய் விவரம் அடங்கிய பட்டியல் வேண்டுமாம். கீழ்த்தளத்தில் அவர்கள் பதாகையை நிரந்தரமாக மாட்ட வேண்டும். அவர்கள் நிகழ்ச்சிகளுக்குப் பெற்றோர் கட்டாயம் வர வேண்டும். எங்கள் செயற்குழுவில் பாதிப் பேர் ‘வாசலுக்கு வந்த லட்சுமியை விரட்டாதே’ என்கிறார்கள். கையெழுத்துப் போடலாமா, அக்கா? (செயலாளர், செதாப்பாக்)

பதில்: போடலாம், தம்பி. ஆனால் அவர்கள் கொடுத்த இந்த ஒப்பந்தக் கடிதத்தில் வேண்டாம். இதைத் திருத்தி எழுதி, அதில் போடுங்கள்.

முதலில் அந்தச் சொல்லை எடுங்கள். தாய் தகப்பன் இல்லாத பிள்ளையைத்தான் தத்தெடுப்பார்கள். முந்நூறு வீட்டுக்கு மேல் இருக்கிற புளோக்கை, மாதம் 124 வெள்ளி (ரிங்கிட்) வாடகையை முட்டி மோதியாவது கட்டுகிற மக்களை, யார் தத்தெடுப்பது? வெறும் சொல்தானே என்று உங்கள் செயற்குழு சொல்லும். தத்தெடுத்தவர் சொல்வதைப் பிள்ளை கேட்க வேண்டும். கூட்டுச் சேர்ந்தவர் என்றால் இரண்டு பேரும் பேசலாம். ‘தத்தெடுப்பு’ வருகிற இடத்தில் எல்லாம் ‘கூட்டுப் பணி’ என்று மாற்றச் சொல்லிப் பாருங்கள். சரி என்று சிரித்துக்கொண்டே மாற்றினால் நல்ல மனிதர்கள். முகம் கோணினால், அடுத்த மூன்று வருடம் எப்படிப் போகும் என்று இன்றைக்கே தெரிந்துவிடும்.

அடுத்து அந்தப் பட்டியல். இதில் நான் செய்த தப்பைச் சொல்லிவிடுகிறேன்.

2021 நடுவில் கோவிட் ஊரடங்கில் நாடே வீட்டுக்குள் கிடந்தது நினைவிருக்கும். ஜூன் கடைசியில் வெள்ளைக் கொடி இயக்கம் கிளம்பியது. வீட்டில் சாப்பாடு இல்லை என்றால் வாசலில் வெள்ளைத் துணி கட்டுங்கள், பார்க்கிறவர்கள் உதவுவார்கள் என்றார்கள். எங்கள் புளோக்கில் கட்டியவர்கள் சிலர். கட்டக் கூச்சப்பட்டவர்கள் அதைவிட அதிகம். ஏழாம் மாடியில் ஒருத்தி வெள்ளைத் தலையணை உறையைக் கொடியில் காயப்போட்டது மாதிரி கட்டியிருந்தாள். யாராவது கேட்டால் துவைத்துப் போட்டது என்று சொல்லிக்கொள்ளலாம் அல்லவா?

அந்தச் சமயத்தில் ஒரு குழு உதவ வந்தது. பட்டியல் கேட்டார்கள். நான் கணக்குக்காரி, பட்டியல் போடுவது என்றால் எனக்குச் சாப்பாடே வேண்டாம். இரண்டு இரவு உட்கார்ந்து அறுபத்து மூன்று குடும்பங்களின் பெயர், ஐசி, தொலைபேசி, வருமானம், யாருக்கு என்ன நோய் என்று கட்டம் கட்டமாக எழுதிப் புலனத்தில் அனுப்பிவிட்டேன். பொருள் ஒழுங்காக வந்தது, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆறு வாரம் கழித்து நான்காம் மாடி அம்மா என் கதவைத் தட்டினார். ஏதோ மூலிகை மருந்து விற்கிற பெண் அவரைத் தொலைபேசியில் கூப்பிட்டிருக்கிறாள். “எனக்கு இனிப்பு நீர் இருக்கிறது என்று அவளுக்கு எப்படித் தெரியும்? என் மகனுக்கே நான் சொல்லவில்லையே!” என்று கேட்டார். அதே வாரத்தில் இன்னும் மூன்று வீட்டுக்கு அதே மாதிரி அழைப்பு.

அந்தக் குழு விற்றுவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். கோப்பு எத்தனை கை மாறியதோ! ஆனால் அதை முதலில் அனுப்பிய கை என்னுடையது. அறுபத்து மூன்று வீட்டில் ஒருவரிடமாவது ‘உங்கள் நோயை எழுதிக் கொடுக்கலாமா’ என்று நான் கேட்கவில்லை. அரிசி கிடைக்கட்டும் என்ற அவசரத்தில் அது தோன்றவே இல்லை.

சட்டம் இருக்கிறதே என்பார்கள். 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வணிகப் பரிமாற்றங்களுக்கு என்று எழுதப்பட்டது. அரிசி கொடுப்பது வணிகமா என்று வக்கீல்கள் வாதாடிக்கொண்டு இருக்கட்டும். நாம் செய்ய வேண்டியது எளிது. அதற்கப்புறம் எங்கள் சங்கம் வெளியே கொடுக்கிற பட்டியலில் வீட்டு எண்ணும் தலைக்கணக்கும் மட்டும்தான் இருக்கும். 7-12, பெரியவர் இருவர், பிள்ளைகள் மூவர், கைக்குழந்தை ஒன்று என்றால் அரிசி அளக்க அது போதும். மருந்து, மாவுப்பால் மாதிரி தனித்தேவை இருந்தால் அந்த வீட்டாரே நேரில் சொல்வார்கள். பொய்க்கணக்கு என்று நிறுவனத்துக்குச் சந்தேகம் வந்தால், முன்கூட்டிச் சொல்லிவிட்டு ஐந்து வீட்டுக்கு வந்து பார்க்கட்டும். வந்தார்கள், பார்த்தார்கள், ஒரு வீட்டில் ரசம் குடித்துவிட்டுப் போனார்கள். ஒன்றும் குடி முழுகிவிடவில்லை.

பதாகை பெரிய விஷயமில்லை. நிகழ்ச்சி நாளில் மாட்டட்டும், முடிந்ததும் கழற்றிக்கொள்ளட்டும். மூன்று வருடம் தொங்கினால் அந்தப் புளோக்கில் இருக்கிற பிள்ளையைப் பள்ளியில் என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள் என்று யோசியுங்கள்.

பெற்றோர் கட்டாயம் வர வேண்டும் என்பதைச் சத்தமில்லாமல் அடித்துவிடுங்கள். துப்புரவு வேலைக்குப் போகிற தாய்க்கு ஒரு நாள் விடுப்பு என்றால் ஒரு நாள் சம்பளம் போச்சு. அந்தச் சம்பளம் அவர்கள் தருகிற பையின் விலையைவிட அதிகமாகக்கூட இருக்கும்.

டியூஷன் ‘தமிழ்ப் பிள்ளைகளுக்கு’ என்று போட்டிருக்கிறீர்கள். இதில் எனக்கே இரண்டு மனம் உண்டு. நம் பிள்ளைகளுக்கு என்று யாராவது வந்தால் சந்தோஷம்தான், நான் ஒன்றும் சன்னியாசி இல்லை. ஆனால் நாம் குடியிருப்பது ஒரே லிஃப்டில். லிஃப்ட் கெட்டுப்போன நாளில் என் கேஸ் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு எட்டு மாடி ஏறியது பக்கத்து வீட்டு மாக்சிக்கின் (மலாய்க்கார அம்மாவின்) மகன். அவன் தம்பி கணக்கில் தட்டுத் தடுமாறுகிறான். தமிழ்ப் பாடம் தமிழ்ப் பிள்ளைகளுக்கு என்று இருக்கட்டும், கணக்குக்கும் ஆங்கிலத்துக்கும் யார் வந்தாலும் உட்காரட்டும். அந்த நிறுவனத்தின் சட்டவிதி அதற்கு இடம் கொடுக்காவிட்டால், குறைந்தது பொருள் கொடுக்கிற நாளிலாவது கதவு பார்த்துக் கொடுக்காதிருக்கச் சொல்லுங்கள்.

இனிமேல் சொல்வது கொஞ்சம் கசக்கும். நீங்கள் ‘நாங்கள்’ ‘எங்கள்’ என்று எழுதியிருக்கிறீர்கள். டியூஷன் வேண்டும் என்று யார் சொன்னது? புளோக்கில் எத்தனை தாய்மார்களிடம் கேட்டீர்கள்? நீங்களும் நானும் செயற்குழு. அது மட்டுமே மக்கள் ஆகிவிடாது. நான் பொருளாளராக இருந்தபோதே பார்த்திருக்கிறேன், பை வந்து இறங்கியதும் முதல் பத்துப் பை செயற்குழுக்காரர்களின் அத்தை வீட்டுக்கும் மாமா வீட்டுக்கும் போய்விடும். நிறுவனத்தாருக்கு அது தெரியாது. ‘தலைவர்தான் மக்கள்’ என்று நினைத்துக்கொண்டு, அவரோடு கைகுலுக்கிவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். அவர்கள் உங்களிடம் நேர்மையாக இருக்க வேண்டும் என்று கேட்கிற நீங்கள், முதலில் ஏழாம் மாடிக்குப் போய்க் கேளுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் கூட்டம் போட்டால் பெண்கள் வர மாட்டார்கள், சமைப்பார்கள். இரவு ஒன்பது மணிக்குக் கீழ்த்தளத்தில் பாய் விரியுங்கள். வருவார்கள்.

கடைசியாகப் புகார் விஷயம். டியூஷன் ஆசிரியர் பிள்ளையை அடித்தால், அல்லது அதைவிட மோசமாக ஏதாவது நடந்தால், தாய் யாரிடம் போவாள்? அந்த நிறுவனத்தின் எண்ணை மட்டும் கொடுத்தால் ஒருத்தியும் கூப்பிட மாட்டாள். அரிசி நின்றுவிடுமே! வெளியாள் ஒருவர், இரண்டு தரப்புக்கும் கடன்படாத ஒருவர், ஓய்வு பெற்ற ஆசிரியையோ தாதியோ, அவர் பெயரை ஒப்பந்தத்தில் எழுதுங்கள். பிள்ளைகளோடு பெரியவர் யாரும் மூடிய அறையில் தனியாக இருக்கக்கூடாது என்பதையும் எழுதுங்கள். இதைக் கேட்டு யாராவது கோபித்துக்கொண்டால் அவரை அனுப்பிவிடுங்கள், வருத்தமே வேண்டாம்.

கேள்வி: பல்கலைக்கழக மாணவி நான். லெம்பா பந்தாயில் வார இறுதியில் உணவு கொடுக்கும் குழுவில் இருக்கிறேன். படம் போட்டால்தான் முகநூலில் நன்கொடை வருகிறது. படம் இல்லாத மாதம் பாதிகூட வருவதில்லை. ஆனால் தட்டோடு நிற்கிற பாட்டியைப் படம் எடுக்கும்போது கை கூசுகிறது. என்ன செய்வது, ஆன்ட்டி? (மாணவி, கோலாலம்பூர்)

பதில்: கூசுகிற கையை நம்பும்மா.

இது உன் ஒருத்தியின் கூச்சம் இல்லை. செஞ்சிலுவை, செம்பிறை இயக்கமும் உலகத்தின் பெரிய நிவாரண அமைப்புகள் சிலவும் 1994இல் பத்து நடத்தை நெறிகளை எழுதி வைத்தன. பத்தாவது நெறி விளம்பரத்தைப் பற்றியது. பேரிடரில் அடிபட்டவர்களை மானமுள்ள மனிதர்களாகக் காட்ட வேண்டும், கதியற்ற பொருளாகக் காட்டக்கூடாது என்கிறது. போர்முனையில் வேலை செய்கிறவர்களே அப்படி எழுதியிருக்கும்போது, பக்கத்துப் பணக்காரப் பகுதியான பங்சாரிலிருந்து பத்து நிமிடத்தில் வந்து சேர்கிற நமக்கு என்ன அவசரம்?

உங்கள் குழுவில் ‘நாங்கள் கேட்டுத்தான் எடுக்கிறோம்’ என்பார்கள். எப்போது கேட்கிறார்கள் என்று பார். ஒரு கையில் பொட்டலத்தை நீட்டிக்கொண்டு, இன்னொரு கையில் கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு ‘பாட்டி, ஒரு படம் எடுக்கலாமா?’ என்றால், பாட்டி என்ன சொல்லும்? சாப்பாட்டைக் கொடுத்து முடித்து, ஒரு வாரம் கழித்துப் போய்க் கேளுங்கள். வேண்டாம் என்று சொன்ன பாட்டிக்கும் அடுத்த வாரம் அதே சிரிப்போடு அதே பொட்டலம் போக வேண்டும். அப்போதுதான் கேட்டதற்கு அர்த்தம். எங்கள் புளோக்கில் ஒரு பாட்டி அப்படிக் கேட்டபோது உடனே மறுத்துவிட்டார். மகளைப் பட்டர்வொர்த்தில் கட்டிக்கொடுத்திருக்கிறாராம். சம்பந்தி வீட்டார் முகநூல் பார்ப்பார்களாம். இன்னொருவர் ‘எடுங்கள், ஆனால் அடுத்த வாரம்’ என்றார். அடுத்த வாரம் பார்த்தால் தீபாவளிப் புடவை, தலையில் கனகாம்பரம். அந்தப் படத்தைக் குழுவினர் போடவில்லை. ‘ஏழை மாதிரி இல்லை’ என்று சொன்னார்களாம்! எனக்கு வந்த கோபத்தில் அன்றைக்கு அவர்களுக்குத் தேநீர்கூடக் கொடுக்கவில்லை.

சமைக்கிற அண்டாவைப் படம் எடு. வெங்காயம் உரிக்கிற உன் தோழிகளை எடு. காய்கறி வாங்கிய ரசீதை எடு. எத்தனை பொட்டலம், ஒன்றுக்கு எவ்வளவு செலவு, மிச்சம் எவ்வளவு என்று மாதாமாதம் போடு. முதல் மூன்று மாதம் நன்கொடை குறையும், அதை மறைக்க மாட்டேன். அப்புறம் வருகிறவர்கள் நிலைத்து நிற்பார்கள்.

பிள்ளைகளின் முகம் மட்டும் எக்காரணத்தாலும் வேண்டாம். இல்லத்துப் பிள்ளைகள் என்றால் இன்னும் கவனம். நீதிமன்றம், காவல், பாதுகாப்பு இல்லம் என்று போய்விட்ட பிள்ளையின் பெயரையோ படத்தையோ அடையாளம் தெரியும்படி வெளியிட 2001ஆம் ஆண்டின் சிறார் சட்டம் 15ஆவது பிரிவில் தடை இருக்கிறது. பிறந்தநாள் கேக் வெட்ட இல்லத்துக்குப் போய், பத்துப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்திப் படம் எடுத்துப் போடுகிற நம் ஆட்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

கேள்வி: ஒவ்வொரு தீபாவளிக்கும் இருநூறு குடும்பங்களுக்குப் பை கொடுக்கிறேன். போன வருடம் நான் கொடுத்த அரிசியை ஒருவர் பக்கத்துக் கடையில் பாதி விலைக்கு விற்றதைப் பார்த்தேன். மனம் விட்டுப்போய்விட்டது, அம்மா. இந்த வருடம் நிறுத்திவிடலாமா? (வணிகர், பிரிக்பீல்ட்ஸ்)

பதில்: நிறுத்த வேண்டாம், ஐயா. அந்த மனிதர் அரிசியை விற்று என்ன வாங்கினார் என்று கேட்டீர்களா?

கொடுத்தபின் அது உங்கள் அரிசி இல்லை. அதை அவர் தின்னலாம், விற்கலாம், கொழுந்தியாளுக்குக் கொடுக்கலாம். எங்கள் புளோக்கில் ஒரு தீபாவளிக்கு ஒரே வாரத்தில் நான்கு குழு வந்தது. தனியாக இருக்கிற தாத்தா ஒருவருக்கு நாற்பது கிலோ அரிசி சேர்ந்துவிட்டது. “நான் என்ன கோழிப்பண்ணையா வைத்திருக்கிறேன்?” என்று என்னிடம் கேட்டார். அவருக்கு வேண்டியிருந்தது மூக்குக்கண்ணாடி. மூன்று பையை விற்றுத்தான் அதற்கு முன்பணம் கட்டினார். அவரை ஏமாற்றுக்காரர் என்பீர்களா?

பைக்குள் என்ன வைக்கிறீர்கள் என்றும் பாருங்கள். அரிசி, சீனி, டின்பால், பிஸ்கட், பீஹூன். இனிப்பு நீர்க்காரர் வீட்டுக்கு இது விருந்துதான், போங்கள். நாப்கின் வைத்த பை ஒன்றைக்கூட நான் ஒன்பது வருடத்தில் பார்த்ததில்லை. கொடுப்பவர்கள் பெரும்பாலும் ஆண்கள், கேட்கக் கூச்சம். கேட்கிற பெண்ணை அழைத்துக்கொண்டு போங்களேன்.

இருநூறு பையின் செலவை அப்படியே வைத்துக்கொண்டு, புளோக்கின் கீழ் இருக்கிற மளிகைக் கடையில் பற்றுச்சீட்டு ஏற்பாடு செய்து பாருங்கள். எதை வாங்குவது என்று அவர்கள் முடிவு செய்யட்டும். சாராயம் வாங்கிவிடுவார்கள் என்று பயம் இருந்தால், சீட்டைத் தாயின் கையில் கொடுங்கள், கடைக்காரரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். தீபாவளிக்கு எல்லாரும் வருகிறார்கள். பள்ளி திறக்கிற மாதத்தில் வாசலில் ஈ காக்கை இருக்காது. அப்போது வாருங்கள், ஐயா. காலணி வாங்கக் காசு இல்லாமல் பிள்ளையை இரண்டு நாள் வீட்டிலேயே வைத்துக்கொண்ட தாயைக் காட்டுகிறேன். மன்னிக்கவும், காட்ட மாட்டேன். வீட்டு எண்ணையும் கால் அளவையும் மட்டும் சொல்கிறேன்.

கேள்வி: எங்கள் பகுதிக்காக என்று சொல்லிப் பணம் வசூலிக்கும் சங்கத்திடம் கணக்குக் கேட்டேன். ‘சோறு போட்ட கையைக் கடிக்கிறாய்’ என்று கூட்டத்திலேயே திட்டிவிட்டார்கள். கேட்டது தப்பா? (வாசகர், பட்டர்வொர்த்)

பதில்: தப்பே இல்லை. உங்கள் பெயரைச் சொல்லி வாங்கிய பணம். நான் முன்பு சொன்ன பத்து நெறிகளில் ஒன்பதாவது இதுதான். கொடுத்தவருக்கு மட்டும் இல்லை, யாருக்காக வாங்கினோமோ அவருக்கும் பதில் சொல்ல வேண்டும் என்கிறது.

1966ஆம் ஆண்டுச் சங்கச் சட்டத்தில் பதிந்த சங்கம் என்றால், ஆண்டுக்கூட்டம் முடிந்து 60 நாளுக்குள் சங்கப் பதிவிலாகாவுக்கு ஆண்டறிக்கையும் கணக்கும் போக வேண்டும். அதனால் ‘கணக்கு இன்னும் எழுதவில்லை’ என்று வருடக்கணக்கில் சொல்ல முடியாது. ‘வரிவிலக்கு ரசீது தருகிறோம்’ என்று சொல்கிறவர்கள் வருமான வரிச் சட்டம் 44(6) பிரிவின் கீழ் அங்கீகாரம் பெற்றிருக்க வேண்டும். அந்த எண் ரசீதில் இருக்கிறதா என்று பாருங்கள். எண் இல்லாத ரசீது வெறும் நன்றிக் கடிதம்.

கூட்டத்தில் தனியாளாக எழுந்து கேட்காதீர்கள். ஐந்து பேர் கையெழுத்துப் போட்டு, மூன்றே மூன்று கேள்வி எழுதிக் கொடுங்கள். எங்கள் பெயரில் எவ்வளவு வந்தது, எங்களுக்கு எவ்வளவு செலவானது, மிச்சம் எங்கே? சம்பளம், வாடகை, பெட்ரோல் என்று செலவு காட்டினால் உடனே குதிக்கவும் வேண்டாம். வேலை செய்கிறவருக்குச் சம்பளம் வேண்டும்தானே? நம் ஆட்களுக்கு அங்கே ஒரு கோணல் உண்டு. தொண்டு என்றால் பட்டினி கிடந்து செய்ய வேண்டும் என்று நினைப்பார்கள். பட்டினி கிடக்கிறவன் கையில்தான் உண்டியலையும் கொடுப்பார்கள்.

கேள்வி: இலவச வகுப்பில் பிள்ளைகளைச் சாப்பாட்டுக்கு முன்னால் அவர்கள் மத வழிபாட்டைச் சொல்ல வைக்கிறார்கள். வகுப்பு நன்றாக இருக்கிறது. நிறுத்துவதா? (தாய், கெப்போங்)

பதில்: எந்த மதம் என்று நீங்கள் எழுதவில்லை, நல்லது. எந்த மதமானாலும் பதில் ஒன்றுதான். சோற்றுக்கு விலையாகச் சாமியைக் கேட்கக்கூடாது. வகுப்பை நிறுத்துவதற்கு முன் பொறுப்பாளரிடம் நேரில் போய், ‘வழிபாட்டு நேரத்தில் என் பிள்ளை வெளியே இருப்பான், முடிந்ததும் வருவான்’ என்று சொல்லுங்கள். அப்போதும் அவனுக்குச் சாப்பாடு கிடைத்தால் பிரச்சினை இல்லை. கிடைக்காவிட்டால் உங்களுக்கே தெரிந்துவிடும். தேர்தல் வருகிறபோது கட்சிச் சட்டையோடு வருகிற பைகளுக்கும் இதே சோதனையை வைக்கலாம். ‘ஓட்டு யாருக்கு?’ என்று கேட்டுவிட்டுக் கொடுத்தால் அது தருமம் இல்லை, வியாபாரம்.

கேள்வி: காப்பிக்கடையில் உண்டியலோடு வருகிறவர்களுக்குப் போடலாமா? (வாசகர், காஜாங்)

பதில்: தெருவிலும் வீடு வீடாகவும் வசூலிக்க உரிமம் வேண்டும் என்று 1947ஆம் ஆண்டிலிருந்தே சட்டம் இருக்கிறது. ‘உரிமம் காட்டுங்கள்’ என்று கேளுங்கள். காட்டினால் போடுங்கள். பிளாஸ்டிக் உறை போட்ட பழைய படத்தை மட்டும் காட்டினால், ஒரு ரொட்டி சானாய் வாங்கிக் கொடுத்து அனுப்புங்கள். அந்தப் பையனுக்கும் பசிக்கும்.

கேள்வி: உங்கள் பத்தியைப் படித்தால் தொண்டு நிறுவனங்கள் எல்லாமே மோசம் என்று தோன்றுகிறது. நல்லதே கண்ணில் படாதா? (தன்னார்வலர், பெட்டாலிங் ஜெயா)

பதில்: படும், ஐயா. கணக்குக்காரிக்குக் குறைதான் முதலில் தெரியும், அது தொழில் வியாதி.

என் அப்பா அடிக்கடி சொன்ன ஒரு விஷயத்தைச் சொல்கிறேன். சுதந்திரத்துக்குப் பிறகு வெள்ளைக்காரக் கம்பெனிகள் ரப்பர் தோட்டங்களைத் துண்டாடி விற்றார்கள். தொழிலாளர்களுக்கு வேலையும் போனது, வீடும் போனது. அப்போது அவர்களுக்கு யாராவது அரிசிப்பை கொடுத்துக்கொண்டே இருந்திருக்கலாம். 1960இல் அப்போது அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பால்வெட்டுகிறவர்கள் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டி நூறு வெள்ளிப் பங்குக்குச் சொந்தக்காரர் ஆனார்கள், அந்தப் பணத்தில் தோட்டங்களையே வாங்கினார்கள். கோலாலம்பூர் ஜாலான் சுல்தான் சுலைமானில் இன்றும் அவர் பெயரில் கட்டடம் இருக்கிறது. அது தொண்டு நிறுவனம் இல்லை, கூட்டுறவு என்று நீங்கள் திருத்துவீர்கள். சரிதான். ஆனால் என் அத்தை அந்தப் பங்குச் சீட்டைப் பீரோவில் தாலிக்கொடிக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். அன்பளிப்புப் பையை யாராவது பீரோவில் வைத்துப் பார்த்திருக்கிறீர்களா?

இந்தக் காலத்து உதாரணம் வேண்டும் என்றால், கீழே இருக்கிற கடைசிக் கடிதத்தின் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: நான்கு வருடமாக எங்கள் தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) கணினி அறை நடத்திய அமைப்பு, நிதி முடிந்துவிட்டது என்று அடுத்த மாதம் கிளம்புகிறது. கணினிகளையும் எடுத்துப்போகிறார்களாம். பிள்ளைகள் அழுகிறார்கள். தடுக்க வழி இருக்கிறதா? (வாசகி, பத்து கேவ்ஸ்)

பதில்: ஒப்பந்தக் கடிதத்தில் கணினி யாருக்கு என்று எழுதியிருந்தால் சண்டையே இல்லை. எழுதியிருக்க மாட்டீர்கள். யாரும் எழுதுவதில்லை. கல்யாணப் பேச்சில் விவாகரத்தைப் பற்றிப் பேசினால் அபசகுனம் என்பது மாதிரி, வந்த அன்றைக்கே ‘எப்போது போவீர்கள்’ என்று கேட்க நமக்கு வாய் வராது. செதாப்பாக் தம்பி இதையும் தன் கடிதத்தில் சேர்த்துக்கொள்ளட்டும்.

இப்போது செய்யக்கூடியது, தாமான் சார்பில் நான்கைந்து பேர் போய்ப் பேசுங்கள். அந்தக் கணினிகளுக்குக் காசு கொடுத்தவர்கள் உங்கள் பிள்ளைகளுக்கு என்றுதானே கொடுத்திருப்பார்கள்? அதைக் கேளுங்கள். ஒரு மாதத்தை ஆறு மாதமாக நீட்டச் சொல்லுங்கள். அதற்குள் உங்களில் யாருக்காவது அறையை நடத்தக் கற்றுக்கொடுக்கச் சொல்லுங்கள். அறைக்கு வாடகை, மின்சார பில் எவ்வளவு என்று முதல் வேலையாகக் கேட்டுக்கொள்ளுங்கள். நான்கு வருடமாக அது உங்களுக்குத் தெரியாமல் இருந்தால், பாதித் தப்பு நம் பக்கமும் இருக்கிறது.

எங்கள் புளோக்குக்கும் ஒரு குழு வந்தது. டியூஷன் கொடுக்கத்தான் வந்தார்கள். இரவு ஒன்பது மணிப் பாய்க் கூட்டத்தில் தாய்மார்கள் சொன்னது வேறு. ‘பாடம் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுக்கிறார்கள். ஒரு மணிக்குப் பள்ளி விட்டால் நாங்கள் வேலை முடிந்து வருகிற ஏழு மணி வரைக்கும் பிள்ளை எங்கே இருப்பான்? அதற்கு வழி சொல்லுங்கள்’ என்றார்கள். அந்தக் குழுவின் தலைவி கையிலிருந்த திட்டத்தை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு, வெறும் தாளை எடுத்தார். அந்த ஒரு செயலுக்காக அவர்களை நான் இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன். மதியச் சோறு, தூங்க ஒரு பாய், வீட்டுப்பாடம் செய்ய இரண்டு மேசை என்று ஆரம்பித்தார்கள். இரண்டாம் வருடம் எங்கள் பெண்கள் இருவருக்குச் சம்பளம் கொடுத்து அவர்களையே பார்க்க வைத்தார்கள். மூன்றாம் வருடம் மாதம் ஒரு முறைதான் தலைகாட்டினார்கள். போகும்போது பாத்திரம், மேசை, அலமாரி எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு, சாவியை என்னிடம் கொடுத்தார்கள்.

சாவி இன்னும் என் வீட்டு ஆணியில் தொங்குகிறது. வீட்டுக்கு இருபது வெள்ளி என்று மாதம் வசூலிக்கிறோம், கட்ட முடியாதவர்கள் பாத்திரம் கழுவித் தருகிறார்கள். அங்கே தூங்கி எழுந்த பெண் ஒருத்தி இப்போது ஐந்தாம் படிவம். செவ்வாய்க்கிழமைகளில் சின்னப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறாள். போன மாதம் மின்விசிறி கெட்டுப்போனது. பழுது பார்ப்பதா புதிது வாங்குவதா என்று கூட்டம் போட்டு இரண்டு மணி நேரம் சண்டை. மாக்சிக் ஒரு பக்கம், ஏழாம் மாடிக்காரி ஒரு பக்கம். முடிவு இன்னும் ஆகவில்லை. அடுத்த கூட்டம் வெள்ளிக்கிழமை இரவு ஒன்பது மணிக்கு.